பூனை கிடைத்தால் போதுமா? சொதப்பாத முடிவோடு ஒரு குட்டிக் கதை கேம் செய்வது எப்படி

கதை கேம் ஒன்றில் நாற்பது மணி நேரம் குடியிருந்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் "அட, இவ்வளவுதானா?" என்று கண்ட்ரோலரைக் கீழே வைத்திருக்கிறீர்களா? எனக்கு அந்த அடி விழுந்தது மாஸ் எஃபெக்ட் 3-ல். இரண்டு நாள் திட்டித் தீர்த்தேன். பல வருடம் கழித்து நானே ஒரு குட்டி கேம் எழுத உட்கார்ந்தபோதுதான், முடிவு எழுதுவது எவ்வளவு வம்பு பிடித்த வேலை என்று தெரிந்தது.

அந்த வம்பை இந்தப் பதிவில் சேர்ந்தே இழுப்போம். புரோகிராமிங் தெரிய வேண்டாம். ட்வைன் என்ற இலவச மென்பொருள் போதும். கிறிஸ் கிளைமாஸ் என்பவர் 2009-ல் வெளியிட்டது. படம், சத்தம் எதுவும் இல்லாமல் எழுத்தாலேயே கிளைக்கதை செய்யலாம், தமிழிலும் தாராளமாக எழுதலாம். ஒரு வார இறுதி, ஒரு பழைய நோட்டு, ஒரு பென்சில் எடுத்து வையுங்கள். கணினி நாலாவது படியில்தான் வரும்.

ஒரு எச்சரிக்கை: மாஸ் எஃபெக்ட் 3, ஃபால்அவுட் 3, லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச், டெல்டேல் நிறுவனத்தின் வாக்கிங் டெட் ஆகிய கேம்களின் முடிவுகளை வெளிப்படையாகப் பேசப்போகிறேன். இவற்றை இனிமேல்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாதிரிக் கதை இதுதான். மாடி வீட்டு டீச்சர் இரண்டு நாள் ஊருக்குப் போகிறார். வீட்டுச் சாவியையும் பூனையையும் உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறார். முதல் நாள் மாலையே பூனையைக் காணோம்.

1. கடைசிக் காட்சியை முதலில் எழுதுங்கள்

தலைகீழாகத் தோன்றும், ஆனால் இந்த ஒரு படிக்காகத்தான் இவ்வளவு நீளப் பதிவே. நோட்டின் முதல் பக்கத்தில், கதை முடியும்போது எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள்.

பூனை கிடைக்குமா என்று எழுதத்தான் முதலில் கை போகும். எனக்கும் போனது. ஆனால் அதற்குப் பதில் ஆம், இல்லை இரண்டுதான். ஆடுபவர் நல்லவராக நடந்தாலும் திருட்டுத்தனம் செய்தாலும் பூனைக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அதனால் அடித்துவிட்டு வேறு கேள்வி எழுதினேன்: டீச்சர் அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது சாவியை மறுபடியும் உங்களிடம் கொடுப்பாரா?

இப்போது வித்தியாசம் தெரிகிறதா? இந்தக் கேள்விக்கான பதில் கடைசி நிமிடத்தில் வானத்திலிருந்து விழ முடியாது. ஆடுபவர் வழி நெடுகச் செய்ததை எல்லாம் கூட்டிக் கழித்துத்தான் வரும்.

மாஸ் எஃபெக்ட் வரிசையில் கேள்வி மூன்று கேம்களாக, 2007, 2010, 2012 என்று வளர்ந்துகொண்டே வந்தது. யாரைக் காப்பாற்றினாய், எந்த இனத்தோடு சமாதானம் பேசினாய், யாரைக் கைவிட்டாய் என்பதையெல்லாம் ஒரு கேமிலிருந்து அடுத்த கேமுக்குக் கொண்டுபோகலாம். கடைசிக் காட்சியிலோ, அதுவரை நாம் சந்தித்தே இராத ஒரு சக்தி, ஒரு குழந்தையின் உருவத்தில் வந்து மூன்று வழிகளைக் காட்டுகிறது: அழி, ஆள், ஒன்றாக்கு. எதைத் தேர்ந்தாலும் கிட்டத்தட்ட ஒரே வெடிப்புதான். நிறம் மட்டும் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறும். கோபப்பட்ட ரசிகர்கள் பணம் திரட்டி, அந்த கேமைச் செய்த பயோவேர் நிறுவனத்தின் கனடா எட்மன்டன் அலுவலகத்துக்குச் சுமார் 400 கப்கேக் அனுப்பிவைத்தார்கள். மேலே மூன்று நிறம், உள்ளே எல்லாம் ஒரே சுவை. இதைவிட நறுக்கென்று ஒரு விமர்சனத்தை நான் படித்ததில்லை.

2. கேம் எதை நினைவில் வைக்க வேண்டும்?

மூன்று விஷயம் போதும். முதல் கேமுக்கு அதற்கு மேல் வேண்டாம், பேராசை ஆகாது. நம் கதையில்:

டீச்சர் போன் செய்து "பூனை சாப்பிட்டுச்சா?" என்று கேட்டபோது உண்மையைச் சொன்னீர்களா?
கீழே இருக்கும் வாட்ச்மேன் தாத்தாவிடம் உதவி கேட்டீர்களா?
பூனையைத் தேடும் சாக்கில், டீச்சர் மேசையில் இருந்த கடிதத்தைப் படித்தீர்களா?

மூன்றும் சாவி கொடுக்கலாமா என்ற கேள்வியைத் தொடுகின்றன, கவனியுங்கள். பூனைக்கு மீன் கொடுத்தீர்களா, பால் கொடுத்தீர்களா என்பதையும் கேட்கலாம், சுவாரசியமாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் பெரிய முடிவு போலக் காட்டக்கூடாது. "க்ளெமென்டைன் இதை நினைவில் வைத்துக்கொள்வாள்" என்று திரையில் ஒரு வரி ஓடினால் ஆடுபவர் அதை நம்புவார், கடைசியில் கணக்கும் கேட்பார்.

அந்த வரி 2012-ல் வந்த டெல்டேலின் வாக்கிங் டெட்டில் வருவது. அந்த கேமின் முடிவை மாற்றவே முடியாது. நீங்கள் என்ன செய்தாலும், நாம் ஆடும் பாத்திரமான லீ ஜோம்பியிடம் கடிபடுகிறான், சாகிறான். ஆனாலும் ஏமாற்றமாக இல்லை, அழ வைத்தது. ஏன்? மூன்றாவது பாகத்தில், ஓடும் ரயிலில், லீ தன் பொறுப்பில் இருக்கும் சிறுமி க்ளெமென்டைனுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறான், தலைமுடியை வெட்டிவிடுகிறான். கடைசி அறையில் அவள் தனியாக முடிவெடுக்க வேண்டி வரும்போது, அவளிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது என்பது நம் கையில் இருக்கிறது. லீ பிழைப்பானா என்று அந்த கேம் கேட்கவே இல்லை. இவளை என்னவாக வளர்த்தாய் என்றுதான் கேட்டுக்கொண்டே வந்தது. ஆகவே, எல்லாம் மாறினால்தான் நல்ல முடிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

3. வரைபடம்

ஒவ்வொரு தேர்வுக்கும் கதையை இரண்டாகப் பிரித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? பத்துத் தேர்வு, 1024 முடிவு. ஆயுள் போதாது. அதனால் பிரிந்த கிளைகள் இரண்டு மூன்று கட்டங்களுக்குள் (ஒரு காட்சிக்கு ஒரு கட்டம்) மறுபடி ஒன்றுசேர வேண்டும். தாளில் வரைந்தால் கோர்த்த டைமண்ட் மாதிரி இருக்கும்: பிரியும், சேரும், பிரியும், சேரும். பெரிய நிறுவனங்களும் இதைத்தான் செய்கின்றன. எங்கே பிரிந்தோம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நம் கதைக்கு 14 கட்டம் வந்தது. உங்களுக்கு 20-ஐத் தாண்டினால் எதையாவது வெட்டுங்கள்.

4. இப்போது ட்வைன்

ட்வைனைக் கணினியில் நிறுவலாம், பிரவுசரிலேயே திறந்தும் எழுதலாம். புதிய கதை ஒன்றைத் தொடங்கினால் நீலத் திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும். அதை இருமுறை தட்டித் திறந்து முதல் காட்சியை எழுதுங்கள். அடுத்த காட்சிக்குப் போக இரட்டைச் சதுர அடைப்புக்குறி போட வேண்டும்:

[[தாத்தாவிடம் கேள்->வாட்ச்மேன்]]
[[நீயே தேடு->மாடிப்படி]]

அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது ஆடுபவருக்குத் தெரியும் வரி, வலப்பக்கம் இருப்பது போய்ச் சேரும் பெட்டியின் பெயர். அந்தப் பெயரில் பெட்டி இல்லை என்றால் ட்வைனே ஒன்றை உருவாக்கி, கோடும் போட்டுத் தந்துவிடும். முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். பிரவுசரில் எழுதினால் கதை அந்த பிரவுசரின் சேமிப்பில்தான் இருக்கும், இணையத்தில் எங்கும் போகாது. பிரவுசர் மந்தமாக இருக்கிறதே என்று ஒருநாள் எல்லாவற்றையும் சுத்தம் செய்தேன். பாதி முடிந்திருந்த கதையும் சேர்ந்து சுத்தமாகிவிட்டது. தினமும் எழுதி முடித்ததும் லைப்ரரி பகுதியில் ஆர்க்கைவ் என்பதை அழுத்தி, கிடைக்கும் ஃபைலை வேறு இடத்தில் போட்டு வையுங்கள்.

5. நினைவைச் சேர்ப்பது

ட்வைனில் கதைக்கு ஒரு வடிவம் தேர்ந்தெடுக்க வேண்டும். தானாக வருவது ஹார்லோ, அதையே வைத்துக்கொள்ளுங்கள். அதில் நமக்கு இரண்டே கட்டளை போதும். செட் என்பது ஒன்றைக் குறித்து வைக்கும். இஃப் என்பது குறித்து வைத்ததைப் பார்த்து, ஒரு பத்தியைக் காட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும். இரண்டும் ஆங்கில எழுத்தில், வட்ட அடைப்புக்குறிக்குள், பெயருக்குப் பின் முக்காற்புள்ளியோடு வரும். குறித்து வைக்கும் பெயர் டாலர் குறியில் தொடங்க வேண்டும், அதையும் ஆங்கில எழுத்தில் வைப்பது பாதுகாப்பு. இஃப் கட்டளையை ஒட்டியே சதுர அடைப்புக்குறிக்குள் உங்கள் தமிழ்ப் பத்தியை எழுதுங்கள். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் பத்தி கலைந்துபோகும், எண்ணிப் பாருங்கள்.

பொய் சொன்ன பெட்டியில் ஒரு செட், கடிதம் படித்த பெட்டியில் ஒரு செட், தாத்தா பெட்டியில் ஒரு செட். வேலை முடிந்தது.

6. முடிவைக் கட்டுவது

மூன்று ஆம் இல்லைக் கேள்விகள் என்றால் மொத்தம் எட்டு விதமான ஆட்டம். எட்டு முடிவு எழுத வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு குட்டிப் பத்தி, ஆக ஆறு எழுதுங்கள். டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்குகிறார். தாத்தா கேட்டைத் திறந்துகொண்டே ஏதோ சொல்கிறார் (அல்லது எதுவும் தெரியாமல் பேப்பர் படிக்கிறார்). டீச்சர் மேசையைப் பார்க்கிறார், கடிதம் மடிப்பு மாறி இருக்கிறது (அல்லது வைத்த இடத்திலேயே இருக்கிறது). அப்புறம் போனில் பேசியதைப் பற்றி ஒரு வரி. இந்த ஆறும் இஃப் வழியாகச் சேர்ந்து, ஆளுக்கு ஆள் வேறு முடிவாகும். கடைசி வரி எப்போதும் சாவியைப் பற்றியது.

இங்கே புதியவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. "எல்லாவற்றுக்கும் ஒரு பாயின்ட் போட்டுக் கூட்டிவிடலாமே" என்று தோன்றும். மாஸ் எஃபெக்ட் 3 அதைத்தான் செய்தது. முதல் கேமில் ராக்னி என்ற வேற்றுக்கிரகப் பூச்சி இனத்தின் ராணியைக் கொல்வதா விடுவதா என்று எச்சில் விழுங்கித் தேர்ந்தெடுத்தோம். மூன்றாவதில் அது போர்ப் பலப் பட்டியலில் ஓர் எண். கூட்டுத்தொகையைப் பார்த்து யாருக்கும் தொண்டை அடைக்காது. அந்த நிறுவனமே 2012 ஜூன் 26 அன்று இலவசமாக ஒரு நீட்டித்த முடிவை வெளியிட்டு, நாம் சந்தித்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று காட்ட வேண்டி வந்தது.

இன்னொரு பள்ளம், நீங்களே போட்ட விதியை நீங்களே மறப்பது. 2008-ல் வந்த ஃபால்அவுட் 3-ன் கடைசியில், உயிரைப் பறிக்கும் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் ஒருவர் போயாக வேண்டும். உங்கள் கூட்டாளி ஃபாக்ஸைச் சேர்த்திருந்தால் அவன் பக்கத்திலேயே நிற்கிறான். கதிர்வீச்சு அவனை ஒன்றும் செய்யாது. முன்பு அப்படி ஓர் அறைக்குள் போய் உங்களுக்காகப் பொருள் எடுத்துவந்ததும் அவன்தான். இப்போது போகச் சொன்னால், இது உன் விதி, நீதான் போக வேண்டும் என்று மறுக்கிறான்! 2009-ல் வந்த கூடுதல் பாகத்தில்தான் அவனை அனுப்ப முடிந்தது. நம் கதையில் தாத்தாவிடம் மொட்டைமாடிச் சாவி இருக்கிறது என்று தொடக்கத்தில் சொல்லிவிட்டு, முடிவில் மாடி பூட்டியிருந்ததால் தேட முடியவில்லை என்று எழுதினால் அதே தப்பு.

7. முடிந்த பிறகு கொஞ்சம் இருங்கள்

2015-ல் ஐந்து பாகமாக வந்த லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச், கடைசியில் தோழியைக் காப்பாற்றுவதா ஊரைக் காப்பாற்றுவதா என்று கேட்கிறது. நேரத்தைப் பின்னால் திருப்பியே பழகிய கேம், இனி திருப்பக்கூடாது என்பதைக் கேள்வியாக வைத்தது எனக்குப் பிடித்தது. ஆனால் ஊரைத் தேர்ந்தவர்களுக்கு நிதானமான பிரிவுக் காட்சி கிடைக்கிறது. தோழியைத் தேர்ந்தவர்களுக்கு, இடிந்த ஊர் வழியே வண்டி போகிறது, அவ்வளவுதான். ஐந்து பாகம் பழகிய முகங்களில் யார் பிழைத்தார்கள் என்று ஒரு சொல் இல்லை. எந்தக் கிளையையும் மாற்றாந்தாய்ப் பிள்ளையாக நடத்தாதீர்கள். சாவி கிடைக்காத ஆட்டக்காரருக்கும் படியிறங்கி வீட்டுக்குப் போக நாலு வரி எழுதுங்கள்.

8. இன்னொருவரிடம் கொடுங்கள்

பில்ட் பகுதியில் ஃபைலாக வெளியிடும் பொத்தான் இருக்கிறது. ஒரே ஒரு ஃபைல் வரும், எந்த பிரவுசரிலும் திறக்கும். கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். விளக்கம் சொல்லக்கூடாது. எங்கே நின்று யோசிக்கிறார், எங்கே படிக்காமல் தட்டிவிட்டுப் போகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் ஒன்பதாவது படிக்கும் என் அக்கா மகளிடம் கொடுத்தேன். பன்னிரண்டு நிமிடம் ஆடினாள். பொய் சொல்லவில்லை, கடிதத்தைத் தொடவில்லை, டீச்சர் சாவியைத் திரும்ப நீட்டும் முடிவு வந்தது. நான் பெருமையாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிமிர்ந்து, "சரி மாமா, ரெண்டு நாளா அந்தப் பூனை எங்க போயிருந்துச்சு?" என்றாள்.

அதை நான் எழுதவே இல்லை. நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, சாவி பற்றிய வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன். பதினைந்தாவது கட்டம் இப்போது தாத்தாவின் ரேடியோப் பெட்டிக்குப் பின்னால், ஒரு பழைய போர்வையின் மேல் திறக்கிறது. மூன்று குட்டிகளோடு.