ஏ.ஆர்.டி. எடுப்பவர் பூஞ்சை மாத்திரை விழுங்குவதற்கு முன்

மழைக்காலத்தில் ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களில் ஈர உடையுடன் நாள் முழுதும் வேலை செய்பவர்களுக்குப் படர்தாமரை வருவது வழக்கம். சேலத்தில் இறங்கி, மருந்துக்கடையில் தோலைக் காட்டி, இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்துக் கேப்சூலை வாங்கி வருவதும் வழக்கமாகிவிட்டது. எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து, அதாவது ஏ.ஆர்.டி., எடுப்பவர் அப்படி வாங்கக் கூடாது. பூஞ்சை மருந்துகள் பலவும் எச்.ஐ.வி. மருந்துகள் சிலவும் கல்லீரலில் ஒரே நொதியின் வழியாகச் சிதைவதால், ஒன்று மற்றொன்றின் அளவை இரத்தத்தில் ஏற்றவோ இறக்கவோ செய்யும்.

முதலில், நீங்கள் எடுக்கும் கூட்டு எது என்பதைப் பெயர் பெயராகத் தெரிந்துகொள்ளுங்கள். "ராத்திரி ஒரு மாத்திரை" என்று மருத்துவரிடம் சொல்வதால் பயனில்லை, ஏ.ஆர்.டி. மையத்தில் தந்த கையேட்டையோ மாத்திரை டப்பாவையோ கையோடு கொண்டு செல்லுங்கள்.

டப்பாவில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் என்றிருந்தால் கவலை குறைவு. டோலுடெகிராவிர் பெரும்பாலும் வேறொரு நொதியால் சிதைவதால், ஃபுளுகொனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்துக்கோ இட்ராகொனசோலுக்கோ அளவை மாற்ற வேண்டியதில்லை. இங்கே சிக்கலை உண்டாக்குவது, கூடவே "கேஸுக்கு" என்று தரப்படும் மருந்துதான். இட்ராகொனசோல் கேப்சூல் உடலில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். ஆகவே அதை வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் விழுங்க வேண்டும், அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போன்றவற்றைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது. அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஜெலுசில் வகை மருந்துகள் டோலுடெகிராவிரையும் உடலில் சேரவிடாமல் தடுக்கும் என்பதால், அவற்றைக் குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்போ, குடித்து 6 மணி நேரம் கழித்தோ டோலுடெகிராவிரை எடுங்கள்.

முதல் கூட்டு பலிக்காதபோது தரப்படும் இரண்டாம் நிலைச் சிகிச்சையில், அதாவது ரிடோனாவிருடன் அடாசனாவிரோ லோபினாவிரோ எடுப்பவர்கள்தான் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். ரிடோனாவிர் அந்த நொதியைக் கட்டிப்போடுவதால் இட்ராகொனசோல் இரத்தத்தில் தேங்கும். நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகத் தரப்படுவதில்லை. தோல் மருத்துவர் காலையும் இரவும் 200 என எழுதினால், ரிடோனாவிர் எடுப்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள். வோரிகொனசோல் என்ற பூஞ்சை மருந்தின் அளவையோ ரிடோனாவிர் குறைத்துவிடும். எனவே இவ்விரண்டையும் நிபுணர் முடிவின்றிச் சேர்க்கக் கூடாது.

பழைய கூட்டுகளில் இருப்பவர்களும் உண்டு. நெவிராபினோடு ஃபுளுகொனசோல் சேர்ந்தால் நெவிராபினின் அளவு ஏறத்தாழ இரு மடங்காகும்; கல்லீரல் பரிசோதனை அவசியம். கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். எஃபாவிரென்ஸ் எடுப்பவருக்கு இட்ராகொனசோல் போதாமல் போகலாம். வோரிகொனசோல் தேவைப்பட்டால் இரண்டின் அளவையும் மாற்றியாக வேண்டும். ஜிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தின் அளவையும் ஃபுளுகொனசோல் கூட்டுவதால் இரத்தசோகை வருகிறதா என்று பார்ப்பார்கள்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அது இட்ராகொனசோலை ஏறக்குறைய பயனற்றதாக்கிவிடும். டோலுடெகிராவிரையும் நாளுக்கு இருமுறை எடுக்க வைக்கும்.

நாக்கில் வெள்ளை படிந்தால் நிஸ்டாடின் சொட்டோ குளோட்ரிமசோல் பூச்சோ போதுமா என்று கேளுங்கள். இவை இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலப்பதால் மோதலுக்கு இடமில்லை. சிறிய படர்தாமரைக்கும் களிம்பே முதல் வழி. ஆனால், ஸ்டீராய்டு கலந்த களிம்பை ஒதுக்குங்கள். என் கணிப்பில் நம் ஊரில் படர்தாமரை தீராமல் இழுப்பதற்கு அதுவே பெரிய காரணம்.

விடாத தலைவலியும் காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்து வந்தால், அது மூளையுறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையாக இருக்கலாம். மருந்துக்கடைக்கன்றி நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்தை ஏற்றினால், டெனோஃபோவிரைப் போலவே அதுவும் சிறுநீரகத்தைத் தொடும் என்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் அடிக்கடி பார்க்கப்படும்.

எந்த நிலையிலும் பூஞ்சை மருந்துக்காக ஏ.ஆர்.டி. மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ பாதியாக்கவோ கூடாது. வைரஸ் மருந்துக்கு அடங்காமல் போகக்கூடும். கடைக்காரரிடம் நோயைச் சொல்லத் தயங்கினால் சொல்ல வேண்டாம். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி உங்களை வற்புறுத்த அவருக்கு உரிமையில்லை. அதற்குப் பதிலாக, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்தில் சீட்டைக் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். மலையிலிருந்து உடனே இறங்க முடியாதவர்கள் 1097 என்ற இலவச உதவி எண்ணை அழைக்கலாம்.