கையெழுத்துப் போட்டுவிட்டு நிழலில் உட்காரும் பாடம்: உடற்கல்வியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ கால அட்டவணையில் பி.டி. பீரியட் என்று ஒன்று இருக்கும். போர்ஷன் முடிக்க வேண்டும் என்று கணக்கு ஆசிரியரோ வேதியியல் ஆசிரியரோ அதை வாங்கிக்கொள்வார். அப்படி இரண்டு வருடம் பெஞ்சிலேயே உட்கார்ந்து வந்த பிள்ளைகள்தான் கல்லூரி முதலாண்டில் விளையாட்டு, யோகா, உடல்நலம் என்று ஏதோ ஒன்றில் பெயர் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் பல கலை அறிவியல் கல்லூரிகளில் இது ‘பகுதி ஐந்து’, என்.எஸ்.எஸ்., என்.சி.சி.யோடு விளையாட்டையும் எடுத்துக்கொள்ளலாம். 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. வெளியிட்ட இளநிலைப் பாடக் கட்டமைப்பும் உடல்நலம், யோகா, விளையாட்டு, உடற்தகுதி ஆகியவற்றை எல்லா மாணவருக்கும் பொதுவான மதிப்புக்கூட்டுப் பாடங்களில் சேர்த்திருக்கிறது.

இதில் எல்லோரும் செய்கிற முதல் தவறு, அட்டெண்டன்ஸ் கிடைத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செய்முறை வகுப்புக்கு ஒரு கிரெடிட் என்றால் செமஸ்டருக்கு 30 மணி நேரம். 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 120 நிமிடம். 18 வயதைத் தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை. ஆக ஒரு வகுப்பு விடாமல் வந்தாலும் வாரம் 30 நிமிடம் பாக்கி நிற்கும். இதுவும் அந்த 120 நிமிடமும் உடம்பு அசைந்தால்தான். பெயர் கூப்பிட்டு, நெட் கட்டி, அணி பிரித்து முடிக்கவே அரை மணி ஆகும். 40 பேர் வகுப்பில் வாலிபால் கோர்ட்டுக்குள் நிற்பது 12 பேர். மிச்சம் 28 பேர் வேப்பமர நிழலில் மொபைலோடு.

முறை வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று பந்தை மாற்றி மாற்றித் தட்டலாம். ஒரு கயிறு இருந்தால் ஸ்கிப்பிங் ஆடலாம். பெரும்பாலான பி.டி. சார்கள் இதைக் கேட்டால் உடனே பந்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

அடுத்தது, ஓட்டத் தேர்வு அன்று நடக்கிற கூத்து. பல இடங்களில் 12 நிமிட ஓட்டம் வைப்பார்கள். 1968ல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் கொண்டுவந்த முறை இது; 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறோம் என்பதை வைத்து இதயமும் நுரையீரலும் எப்படி இருக்கின்றன என்று கணிப்பது. விசில் ஊதியதும் ஒருவன் பிய்த்துக்கொண்டு கிளம்புவான். நண்பர்கள் விசிலடிப்பார்கள். 400 மீட்டர் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிடுவான். இரண்டாவது சுற்றின் திருப்பத்தில் கை இடுப்புக்குப் போகும், விலா பிடித்துக்கொள்ளும். மூன்றாவது சுற்று நடை. நான்காவதில் ஆள் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அதே நேரத்தில் யார் கண்ணிலும் படாமல் ஒரு பெண் ஒவ்வொரு சுற்றையும் இரண்டரை நிமிடத்தில் முடித்துக்கொண்டே இருப்பாள். 12 நிமிடம் முடியும்போது அவள் 1,900 மீட்டரைத் தாண்டியிருப்பாள்.

வேகத்தை அளக்கக் கைக்கடிகாரம்கூட வேண்டாம். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறது, ஆனால் பாட முடியாது என்றால் அது மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது. முதல் ஒரு மாதம் பேச முடிகிற வேகத்திலேயே ஓடிப் பழகுங்கள்.

இதே அவசரம்தான் ஜிம்மிலும். மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு முதல் நாளே நூறு தோப்புக்கரணம் போட்டால் மறுநாள் படி இறங்க முடியாது. அந்த வலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய் மெல்லத் தணியும், பயப்பட வேண்டாம். ஆனால் தசைகள் வீங்கி, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் அது சாதாரண வலி இல்லை. தசை சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சுளுக்கு விஷயத்தில் நானே மாட்டியிருக்கிறேன். செருப்போடு கோர்ட்டுக்குள் இறங்கி, பந்தை எடுக்கத் தாவியதில் கணுக்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. அஞ்சு நிமிடத்தில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். சீனியர் அண்ணன் ஒருவர் தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணி, “பல்லைக் கடிச்சுக்கோ தம்பி” என்று உருவத் தொடங்கினார். ராத்திரிக்குள் எலுமிச்சை சாத்துக்குடி ஆனது. நம் ஊரில் சுளுக்கு என்றதும் கை தானாகவே உருவப் போகிறது. அங்கேதான் தவறு. தசைநார் கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது தேய்ப்பதும் சுடுதண்ணீர் ஒத்தடமும் கசிவைக் கூட்டும். முதல் இரண்டு நாள் காலுக்கு ஓய்வு கொடுத்து, துண்டில் சுற்றிய ஐஸை ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம் வைத்து, கிரேப் பேண்டேஜ் கட்டி, தலையணை மேல் தூக்கி வைத்தால் போதும். நாலு அடிகூட ஊன்றி நடக்க முடியவில்லை, கணுக்கால் எலும்பு முனையில் விரல் வைத்தாலே உயிர் போகிறது என்றால் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். வீக்கம் வடிந்த பிறகு ஒற்றைக்காலில் நின்று பழகுவது முக்கியம்; அதை விட்டவர்களுக்குத்தான் அதே கால் மறுபடி மறுபடி பிசகும். எனக்குப் பிசகியது, மூன்று தடவை.

யோகா எடுத்தவர்களுக்கு வேறு மாதிரிச் சிக்கல். வகுப்பை மதியம் இரண்டு மணிக்குப் போட்டிருப்பார்கள். மெஸ்ஸில் ஒரு கட்டு கட்டிவிட்டுப் போய்க் குனிந்தால் சாம்பார் தொண்டைக்கு வரும். அன்றைக்கு மட்டும் பதினோரு மணி இடைவேளையில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை வகுப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். அப்புறம், பத்மாசனம் வரவில்லை என்று காலைப் பிடித்து இழுத்து மடக்காதீர்கள். இடுப்பு மூட்டு திரும்பாதபோது அந்தத் திருகல் முழுவதும் முட்டிக்குப் போய்விடும். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் யாரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை.

புரோட்டீன் பவுடர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் கணக்குப்படி ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்குச் சுமார் 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கிறது. சுண்டல், பருப்பு, தயிர், முட்டை என்று வரிசைப்படுத்தினால் ஹாஸ்டல் சாப்பாட்டிலேயே கணக்கு நேராகிவிடும். 2024ல் வந்த தேசிய உணவு வழிகாட்டியும் பவுடர் வேண்டாம் என்றே சொல்கிறது.

மருத்துவப் படிவத்தில் ‘இல்லை’, ‘இல்லை’ என்று வரிசையாக டிக் அடிப்பது இன்னொரு வழக்கம். வீசிங் இருப்பதைச் சொன்னால் விளையாட விடமாட்டார்கள் என்ற பயம். சொன்னால்தான் இன்ஹேலர் ஹாஸ்டல் பெட்டியில் தூங்காமல் மைதானத்துக்கு வரும். வலிப்பு, இதயக் கோளாறு, முன்பு எப்போதாவது ஓடும்போது மயங்கி விழுந்தது, எல்லாமே சொல்ல வேண்டியவை. மாதவிடாய் நாளில் விளையாடக் கூடாது என்று மருத்துவ விதி எதுவும் இல்லை. முடிந்தால் விளையாடலாம், வலித்தால் மேடத்திடம் சொல்லிவிட்டு உட்காரலாம்.

கடைசியாக, இந்தப் பாடத்தின் எழுத்துத் தேர்வு. ‘மன அழுத்தத்தைக் கையாளும் வழிகள் ஐந்து’ என்று வரும். அதை ராத்திரி இரண்டு மணிவரை கண் விழித்து மனப்பாடம் செய்வார்கள். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதும் அதே நோட்ஸில்தான் இருக்கும். வகுப்பில் கவுன்சலர் பெயரை எழுதிக்கொண்டு அந்த அறைப் பக்கமே போகாதவர்கள் நிறைய. தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று கூச்சமாக இருந்தால் 14416க்குக் கூப்பிடலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லையா? ஒரு வாரமாகத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.