கார்பன்-12 கருவின் கிளர்வு நிலைகளைப் பிடிப்பது எப்படி? தொடக்கநிலைச் செய்முறை

அணுக்கருவில் மோதித் திரும்பும் துகள் எவ்வளவு ஆற்றலை இழந்தது என்று தெரிந்தால், கரு எந்தக் கிளர்வு நிலைக்கு, அதாவது அடிநிலையைவிட ஆற்றல் கூடிய எந்த நிலைக்கு, ஏறியது என்று சொல்லிவிடலாம். பழகுவதற்குக் கார்பன்-12 நல்லது: கீழ்நிலைகள் சிலவே, அவற்றுக்கிடையே இடைவெளியும் தாராளம். கீழே வரும் ஆற்றல்கள் எல்லாம் மெகா எலக்ட்ரான் வோல்ட்டில்.

படி 1: மெல்லிய கார்பன் தகட்டின்மேல் 20 ஆற்றலுள்ள புரோட்டான் கற்றையைச் செலுத்துங்கள். 90 பாகையில் சிலிக்கான் உணரிகள் இரண்டை வையுங்கள், முன்னால் மெல்லியது, பின்னால் தடித்தது. இரண்டிலும் பதிவாகும் ஆற்றலை ஒப்பிட்டால் புரோட்டான் எது, ஆல்ஃபா (ஹீலியம்-4 கரு) எது என்று பிரிந்துவிடும்.

படி 2: இனி கணக்கு. சிதறல் ஆற்றலுக்கான முழுச் சூத்திரத்தில் கோணத்தின் கோசைன் வரும் உறுப்பு ஒன்று உண்டு; 90 பாகையில் அது காணாமல் போய்விடுவதால் இது சுலபம். கற்றை ஆற்றலின் 11/12 பங்கு 18.33. சிதறிய புரோட்டானின் ஆற்றலை 13/12ஆல் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். மிச்சம்தான் கிளர்வு ஆற்றல். சார்பியல் திருத்தத்தை விட்டுவிட்டோம், பழக இது போதும். புரோட்டான்கள் அதிகம் குவியும் ஆற்றல் வரைபடத்தில் முகடாகத் தெரியும். 16.92இல் வரும் முகடு பூஜ்யம் தரும்: மீள் சிதறல், அதாவது கரு கிளர்ச்சியடையவில்லை. 12.82 என்றால் 4.44, 9.86 என்றால் 7.65, 8.02 என்றால் 9.64.

படி 3: அவசரப்பட வேண்டாம். 11.88இலும் ஒரு முகடு தெரியலாம். கணக்குப் போட்டால் 5.5 வரும், ஆனால் கார்பன்-12இல் அப்படி ஒரு நிலையே இல்லை! தகட்டில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன்-16இன் 6.13 நிலை அது. உணரியை வேறு கோணத்துக்கு நகர்த்தி, அந்தக் கோணத்துக்கான முழுச் சூத்திரத்தில் மறுபடி கணக்கிடுங்கள். உண்மையான கார்பன் நிலை அதே எண்ணைத் தரும். ஆக்சிஜன் முகடு இடம் மாறிவிடும். என்னைக் கேட்டால், ஒரே கோணத்தில் அளந்த எந்த நிலையையும் நம்பக்கூடாது.

படி 4: கோணத்துக்குக் கோணம் ஒரு முகட்டில் பதிவாகும் புரோட்டான்களின் எண்ணிக்கை ஏறி இறங்கும் விதத்தைக் கோட்பாட்டு வளைவுகளோடு ஒப்பிட்டால் அந்த நிலையின் தற்சுழற்சி (spin) தெரியும்: 4.44க்கு 2, 7.65க்கு 0, 9.64க்கு 3.

அந்த 7.65 முகடு 4.44ஐவிடச் சிறியது, கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். விண்மீன்களில் கார்பன் உருவாக இப்படி ஒரு நிலை இருந்தே ஆகவேண்டும் என்று வானியலாளர் ஃபிரெட் ஹாயில் வாதிட்டார். 1953இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் வார்டு வேலிங்கின் குழு அதை உறுதிசெய்தது. அவர்கள் எடுத்தது வேறு வினை: நைட்ரஜன்-14மேல் டியூட்ரானை (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த கரு) மோதவிட்டு, வெளிவந்த ஆல்ஃபாக்களை அளந்தார்கள். அப்புறம், 4.44 நிலை வெளிவிடும் காமா கதிரை உணரி வைத்துச் சரிபார்ப்பதுபோல 7.65ஐயும் சரிபார்க்க முயன்றால் ஏமாற்றம்தான். கார்பன்-12 மூன்று ஆல்ஃபாக்களாக உடையத் தேவையான 7.27 என்ற வாசலை இந்த நிலை தாண்டியிருப்பதால் பெரும்பாலும் அப்படியே உடைந்துவிடும். அந்த ஆல்ஃபாக்களைப் பிடிப்பதே வழி.