பேக்கப் டிஸ்க்: ஆர்ஸ்நாப்ஷாட் கான்ஃபிக் ஃபைலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தக்கலையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் சின்னக் கடை என்னுடையது. ஐப்பசி பிறந்துவிட்டால் மத்தியானத்துக்கு மேல் இடிதான். முதல் முழக்கம் கேட்டதுமே எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவோம். ஒரு நாள் மழை விட்டதும் கம்ப்யூட்டரை மாட்டினேன், பேக்கப் டிஸ்க்கை மறந்துவிட்டேன்.

லினக்ஸில் நான் பேக்கப் எடுக்கும் ஆர்ஸ்நாப்ஷாட் (rsnapshot) புரோகிராம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிஸ்க் மவுண்ட் ஆக வேண்டிய, அதாவது மாட்டியதும் அதிலுள்ள ஃபைல்கள் தெரிய வேண்டிய இடத்தில் வெறும் ஃபோல்டர் கிடந்தது. அதற்குள்ளேயே நகலெடுத்து, கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்கை நிரப்பி வைத்தது.

இதற்கென்றே அதன் கான்ஃபிக் ஃபைலில், அதாவது அமைப்புகளை எழுதிவைக்கும் ஃபைலில், 'நோ கிரியேட் ரூட்' (no_create_root) என்ற வரி உண்டு. வரியை முடக்கி வைக்கும் # குறி முன்னால் இருக்கும்; அதை எடுத்து, மதிப்பு 1 என்று வையுங்கள். சேமிக்கும் ஃபோல்டர் இல்லையென்றால் புதிதாக உண்டாக்காமல் நின்றுவிடும். ஆனால் அது மட்டும் போதாது. மவுண்ட் ஃபோல்டர், டிஸ்க் இல்லாதபோதும் அங்கேயேதானே இருக்கும்? அதனால் நகல்கள் போகும் இடத்தைச் சொல்லும் 'ஸ்நாப்ஷாட் ரூட்' (snapshot_root) வரியில் அதையே எழுதாமல், டிஸ்க்குக்குள் நாமே உண்டாக்கிய ஒரு ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். டிஸ்க் கழன்றால் அந்த ஃபோல்டரும் காணாமல் போகும், வேலையும் நிற்கும்.

அப்புறம் டேப். கான்ஃபிக் வரியில் அமைப்பின் பெயருக்கும் மதிப்புக்கும் நடுவே ஸ்பேஸ் கூடாது, டேப்தான். யாரோ அனுப்பிய வரியை ஒட்டும்போது டேப் ஸ்பேஸாகியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. (இதை இப்படி வடிவமைத்தவரிடம் எனக்கு இன்னும் கோபம் உண்டு.) ஃபோல்டர் பாதைகள் / குறியில் முடிய வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு 'rsnapshot configtest' என்ற சோதனைக் கட்டளையை ஓட்டினால் இந்த மாதிரிப் பிழைகள் பிடிபடும்.

புது டிஸ்க்கைப் பெட்டியில் வந்தபடியே மாட்டாதீர்கள். பல டிஸ்க்குகள் எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற ஃபார்மேட்டில் வரும். மாறாத ஃபைலைத் திரும்ப நகலெடுக்காமல் ஹார்ட்லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) போட்டு இடத்தை மிச்சப்படுத்துவதுதான் ஆர்ஸ்நாப்ஷாட்டின் சூட்சுமம். எக்ஸ்ஃபேட்டில் ஹார்ட்லிங்க் கிடையாது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 (ext4) ஆக ஃபார்மேட் செய்த பிறகே பயன்படுத்துங்கள்.

எத்தனை நகல் வைத்திருப்பது என்று சொல்லும் 'ரீடெயின் ஆல்ஃபா 6' (retain alpha 6) வரி என்றால் ஆறு நாள் என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஆறு நகல், அவ்வளவே. எப்போது எடுப்பது என்று, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் (cron) தான் சொல்ல வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் நிறுவும்போது அந்த க்ரான் வரிகள் # போட்டு முடக்கியபடியே வரும். கான்ஃபிக் ஃபைலை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த நான், அந்த க்ரான் ஃபைலைத் திறந்தே பார்க்காமல் இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.