ஹாஸ்பிஸ் தேடும்போது எண்களை எப்படித் தப்பாகப் படிக்கிறோம்

போன மாதம் திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்திருந்தான். அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கதிர்வீச்செல்லாம் முடிந்து, இனி வலிக்கு மட்டும் பார்த்தால் போதும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். தம்பி ஐடி வேலை பார்ப்பவன், லேப்டாப்பைத் திறந்து ஒரு எக்செல் அட்டவணையைக் காட்டினான். நாலு ஹாஸ்பிஸ், அதாவது இனி குணமாக்க முடியாதவர்களைக் கடைசிக் காலத்தில் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இடங்கள். ஏழு பத்தி: படுக்கை, நர்ஸ், ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி, கூகுள் நட்சத்திரம், போன வருடம் எத்தனை இறப்பு, கட்டணம், தூரம். நல்லதுக்குப் பச்சை, கெட்டதுக்குச் சிவப்பு. "அக்கா, மூணாவது இடந்தான் ஃபர்ஸ்ட் வருது. சேத்துரவா?" என்றான்.

எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே அட்டவணையை ஒரு நாற்பது பக்க நோட்டில் பேனாவால் நான் போட்டேன், என் அப்பாவுக்காக. என் கணக்கிலும் ஒரு இடம் முதலாவதாக வந்தது.

அதற்குப் பிறகுதான் ஆபரேஷன் தியேட்டர் வேலையை விட்டுவிட்டு வலி நிவாரண சிகிச்சைக்கு வந்தேன். இத்தனை வருடத்தில் பார்த்த குடும்பங்களில் பாதிக்கு மேல் நான் சறுக்கிய அதே இடத்தில்தான் சறுக்குகின்றன. கட்டணத்தை எழுதி வாங்குங்கள், நேரில் போய்ப் பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

இறப்பு எண்ணிக்கையைப் பார்த்து ஒதுக்குவது

தம்பி அதிக இறப்பு உள்ள இடத்துக்குச் சிவப்பு அடித்திருந்தான். அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனையை அப்படிப் பார்க்கலாம். ஹாஸ்பிஸுக்கு வருகிறவர்கள் கடைசிக் காலத்தை வலியில்லாமல் கழிக்க வருகிறார்கள், அங்கே இறப்பு குறைவாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிற இடங்கள் உண்டு, அவர்கள் கணக்கில் இறப்பு ஏறாது. அமெரிக்காவில் உயிரோடு வெளியே அனுப்பப்பட்டவர்களையும், அப்படிப் போய் மருத்துவமனையில் சேர்ந்தவர்களையும் தனியாகவே எண்ணுகிறார்கள். நீங்களும் அதையே கேளுங்கள்: "கடைசி வாரத்துல எத்தனை பேர வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்புனீங்க?"

சம்பளப் பட்டியலில் இருக்கும் ஆளை வார்டில் இருக்கும் ஆளாக எண்ணுவது

இதை நீளமாகத்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய், தாடை எலும்பு வரை பரவிவிட்டது. நான் பார்த்து வைத்த இடத்தில் 30 நோயாளிகள், 10 நர்ஸ். மூன்று பேருக்கு ஒரு நர்ஸ். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி வார்டில்கூட அப்படிக் கிடையாது. நானே நர்ஸ், எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு வேறு. இரண்டு மாதப் பணத்தை முன்னதாகவே கட்டி அப்பாவைச் சேர்த்தேன்.

அன்றைக்கு நான் போட்டிருக்க வேண்டிய கணக்கை இப்போது போடுகிறேன், நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, அப்படியென்றால் ஒரு நாளைக்கு வேலைக்கு வருவது சராசரியாக எட்டரைப் பேர். காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து, ஊர்ப் பொங்கல் என்று போகும் லீவைக் கழித்தால் எட்டு. அதில் ஒருவர் இன்சார்ஜ், மருந்து வாங்குவதும் ரெஜிஸ்டர் எழுதுவதும் சொந்தக்காரர்களிடம் பேசுவதும் அவர் வேலை, ஆக மிச்சம் ஏழு. ஏழு பேரை மூன்று ஷிப்டுக்குப் பிரிக்க வேண்டும். காலையில் உடம்பு துடைக்க, புண் கட்ட, டாக்டர் ரவுண்ட்ஸுக்குக் கூட நிற்க ஆள் தேவை, அதனால் காலைக்கு நாலு, மாலைக்கு இரண்டு, இரவுக்கு ஒன்று. நான் நோட்டில் எழுதியது மூன்று பேருக்கு ஒரு நர்ஸ், விளக்கணைத்த பிறகு அங்கே இருந்தது முப்பது பேருக்கு ஒரு நர்ஸ். யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. பத்து நர்ஸ் இருந்தது உண்மை.

இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஒரே ஒரு நர்ஸ் இரவு பகலாக ஒரு வார்டில் நிற்க வேண்டுமென்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்த்தால் அந்த ஒரு இடத்துக்கே மூன்றரைப் பேர் வேண்டும், லீவையும் இன்சார்ஜ் வேலையையும் சேர்த்தால் நாலரைக்குப் பக்கம் வரும், ஐந்து என்றே வையுங்கள். ஆகவே அவர்கள் சொல்கிற எண்ணிக்கையை ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள். பத்து என்றால், எந்த நேரத்திலும் சராசரியாக இரண்டு பேர். அந்தச் சராசரியும் பகல் பக்கம்தான் சாயும்.

அப்பா அங்கே இருந்தபோது மதுரையில் சித்திரைத் திருவிழா வந்தது. அன்றைக்கு எதிர்சேவை, அழகரை ஊரே எதிர்கொண்டு அழைக்கிற நாள். அழகர் மறுநாள் விடிகாலையில் வைகை ஆற்றில் இறங்க வேண்டும், தல்லாகுளத்திலிருந்து கோரிப்பாளையம் வரைக்கும் மண் போட்டால் கீழே விழாத கூட்டம். அந்த இடம் ஆற்றுக்கு வடக்கே இருந்தது. இரவு டூட்டி நர்ஸ் மேலூர்க்காரர், வரமுடியவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு அட்டெண்டர் அம்மா, மொத்தக் கட்டடத்துக்கும் அவர் ஒருத்திதான். பதினோரு மணிக்கு அப்பாவுக்கு வலி ஆரம்பித்தது. தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு சுவரில் தலையை முட்டினார். மார்ஃபின் மாத்திரை பத்தடி தூரத்தில் அலமாரியில் இருக்கிறது, அலமாரி பூட்டியிருக்கிறது, சாவி டாக்டரிடம், டாக்டர் தென்கரையில் அவர் வீட்டில். போன் போட்டேன். "ரோடெல்லாம் அடைச்சுட்டாங்கம்மா, விடிஞ்சதும் வந்துர்றேன்" என்றார். அழகர் ஆற்றில் இறங்குகிற வரைக்கும் வேட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அப்பா தூங்கவே இல்லை. அதற்குப் பிறகு ஒன்பது நாள்தான் இருந்தார், இருந்த கொஞ்ச நாளில் ஒரு இரவு இப்படிப் போனது. அந்த அட்டெண்டர் அம்மா மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, விடிய விடிய அப்பாவின் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தது அவர்தான்.

திருவிழா என்பதால் நடந்த விபத்து என்று என்னிடம் சமாதானம் சொன்னார்கள். சித்திரை மாதம் அழகர் வருவார் என்பது மதுரையில் யாருக்குத் தெரியாது? அன்றைக்கு இரண்டு பேரை முன்னதாகவே வரவழைத்துத் தங்க வைத்திருக்கலாம், சாவியையாவது விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போதைப்பொருள் சட்டம் இடம் கொடுக்காது என்று ஒரு பதில் எல்லா இடத்திலும் வரும். 1985 சட்டத்தை 2014ல் திருத்தியதே, வலியில் இருப்பவருக்கு மார்ஃபின் போன்ற மருந்துகள் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். அங்கீகாரம் பெற்ற நிறுவனம் மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும், சரி. ராத்திரி சாவியை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம்தான் தாங்கும், நடுவில் வலி முறித்துக்கொண்டு வந்தால் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதை டாக்டர் முன்கூட்டியே கேஸ் ஷீட்டில் எழுதி வைப்பார், நர்ஸ் அதைப் பார்த்துக் கொடுப்பார். ஒழுங்காக நடக்கிற எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம்.

அதனால் "எத்தன நர்ஸ் இருக்காங்க" என்று கேட்காதீர்கள். நேற்று இரவும் போன ஞாயிற்றுக்கிழமை இரவும் யார் டூட்டி என்று டூட்டி சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். இரவில் மார்ஃபின் சாவி யாரிடம் என்று கேளுங்கள். கூடுதல் டோஸ் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்குமா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அட்டவணையில் வேறு எதையும் நிரப்ப வேண்டாம்.

"நர்ஸ்" என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வது

நம் ஊரில் வெள்ளைக் கோட்டு போட்ட எல்லோரும் நர்ஸ்தான். பி.எஸ்சி. நர்ஸிங் அல்லது டிப்ளமோ முடித்து தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சிலில் பதிவு செய்தவர் ஒருவர், ஆறு மாதம் ஏதோ பயிற்சி எடுத்தவர் ஒருவர், வீட்டு வேலையிலிருந்து நேராக வந்தவர் ஒருவர், மூன்று பேரையும் ஒரே பத்தியில் கூட்டித்தான் எண்ணிக்கை சொல்வார்கள். அட்டெண்டர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போடுவது பெரும்பாலும் அவர்கள் கைதான். ஆனால் மூச்சு மாறுவதைப் பார்த்து மருந்தை மாற்றச் சொல்ல அவர்களால் முடியாது. பதிவு எண் உள்ளவர் எத்தனை பேர், அதில் வலி நிவாரணப் பயிற்சி எடுத்தவர் எத்தனை பேர் என்று இரண்டு தனிப் பத்தி போடுங்கள்.

நட்சத்திரங்கள்

தம்பியின் அக்கா டல்லாஸில் இருக்கிறாராம், அட்டவணைக்கு மாதிரி அவர் அனுப்பியது. அங்கே மெடிக்கேர் என்ற அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டின் தளத்தில் ஊர் பெயரைப் போட்டால் ஹாஸ்பிஸ்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம், 2022 ஆகஸ்டிலிருந்து நட்சத்திரமும் உண்டு. அந்த நட்சத்திரம் இறந்தவரின் குடும்பத்துக்கு அனுப்பும் கேள்வித்தாளிலிருந்து வருகிறது, எட்டுக் காலாண்டுகளில் குறைந்தது 75 குடும்பங்கள் பதில் சொல்லியிருந்தால்தான் போடுவார்கள். இங்கே கூகுளில் ஒன்பது பேர் போட்ட 4.8ஐ அதே பத்தியில் போட்டு நிறம் அடிப்பது எப்படிச் சரியாகும்? அந்த ஒன்பதில் மூன்று பேர் வேலைக்கு விண்ணப்பித்தவர்கள், அதைத் தம்பியோடு உட்கார்ந்து படித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த நாட்டுக் கணக்கில் கடன் வாங்க வேண்டியது நட்சத்திரத்தை இல்லை, கேள்விகளை. கடைசி மூன்று நாளில் குறைந்தது இரண்டு நாளாவது பதிவு பெற்ற நர்ஸோ சமூகப் பணியாளரோ நேரில் வந்தாரா என்று பார்க்கிறார்கள். நர்ஸ் வருகைக்கு நடுவில் ஏழு நாளுக்கு மேல் இடைவெளி விழுந்ததா, சனி ஞாயிறுகளில் நர்ஸ் எத்தனை நிமிடம் செலவழித்தார் என்றும் எண்ணுகிறார்கள். இந்த மூன்றையும் உசிலம்பட்டியில் இருக்கும் ஒரு வீட்டுக்கும் அப்படியே கேட்கலாம்.

"எல்லோரிடமும் வலியைக் கேட்கிறோம், 100 சதவீதம்"

சேர்த்த அன்று வலி எவ்வளவு என்று கேட்டு எழுதிவிட்டால் இந்தச் சதவீதம் வந்துவிடும், அமெரிக்காவிலும் சேர்க்கும் அன்று செய்கிற மதிப்பீட்டில் பெரும்பாலான இடங்கள் உச்சத்தைத் தொட்டுவிடுவதால் அதை வைத்து நல்லது கெட்டதைப் பிரிக்க முடிவதில்லை. பத்துக்கு எட்டு என்று சொன்னவருக்கு இரண்டு நாளில் எவ்வளவு ஆனது? அந்த இரண்டாவது எண்ணைக் கேளுங்கள். மார்ஃபின் மலத்தைக் கட்டும், அதனால் கூடவே மலச்சிக்கல் மருந்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். மார்ஃபின் கொடுத்துவிட்டு அதை எழுதாத இடத்துக்கு இந்த வேலை தெரியாது.

காலை 11 மணிக்குப் போய்ப் பார்ப்பது

இரவு 9 மணிக்குப் போங்கள்.

வீட்டுக்கு வரும் சேவையையும் படுக்கை உள்ள இடத்தையும் ஒரே அட்டவணையில் போடுவது

இரண்டுக்கும் கணக்கு வேறு. வீட்டுச் சேவையில் 60 நோயாளி, இரண்டு நர்ஸ், ஒரு வண்டி என்றால், இருவரும் ஒரே வண்டியில்தான் போவார்கள். பேரையூர், எழுமலைப் பக்கம் ஒரு நாளைக்கு ஐந்து வீடு பார்ப்பதே பெரிது. வாரத்துக்கு முப்பது, ஆக உங்கள் வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தரம். வாரம் ஒருமுறை வருவோம் என்று அவர்கள் சொன்னால் வகுத்துப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

அரசு பக்கத்தைப் பலர் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கியது, அதில் வட்டாரத்துக்கு ஒரு நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் (வலி நிவாரண சிகிச்சைக்கு அரசு வைத்திருக்கும் பெயர் இது) ஒரு இயன்முறை மருத்துவரும் உண்டு, காசு கிடையாது. ஒரு வட்டாரம் முழுக்க ஒரே செவிலியர் என்பதால் இரவுக்கு அவரை நம்பியிருக்க முடியாது. ஆனால் புண் கட்ட, யூரின் டியூப் மாற்ற, வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவர் போதும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள், தனியாரிடம் சேர்த்திருந்தாலும் செய்யுங்கள்.

போன வருடத்து எண்

ஒரு நல்ல இன்சார்ஜ் சிஸ்டர் வேலையை விட்டால் மூன்று மாதத்தில் இடம் மாறிவிடும்.

தம்பி அன்றைக்கு லேப்டாப்பை மூடிவிட்டுக் கிளம்பினான். நாலு நாள் கழித்து இரவு ஒன்பதரைக்குப் போன் வந்தது, அவன் அட்டவணையில் கடைசியாக வந்த இடத்தின் வாசலிலிருந்து. அங்கே 12 நோயாளிக்கு ஐந்து நர்ஸ்தான், கட்டடம் பழசு, கூகுளில் நட்சத்திரமே இல்லை. "அக்கா, உள்ள ஒரு சிஸ்டர் இருக்காங்க, ஒரு தாத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் குடுத்துட்டு ரெஜிஸ்டர்ல எழுதிட்டு இருக்காங்க. சாவி அவங்க இடுப்புலதான் இருக்கு." ஞாயிற்றுக்கிழமை யார் டூட்டி என்று கேட்டாயா என்றேன். இரு கேட்கிறேன் என்று உள்ளே போனான்.