ஆர்பிட்ரேஜ் பந்தயம்: கணக்கு சரி, கோட்டை விடுவது எங்கே?

ஒரே ஆட்டத்தின் இரு பக்கத்தின் மீதும் வெவ்வேறு இடங்களில் பணம் கட்டுவதுதான் ஆர்பிட்ரேஜ் பந்தயம். யார் ஜெயித்தாலும் நமக்கு லாபம் என்றுதான் இதைச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் பொய் இல்லை. பந்தயம் சட்டப்படி நடக்கும் பிரிட்டனில் ஒரு டென்னிஸ் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீரர் ஜெயிப்பார் என்பதற்கு ஒரு புக்மேக்கர், அதாவது பந்தயம் வாங்குபவர், 2.10 தருகிறார் (ஒரு பவுண்டு கட்டி ஜெயித்தால் கட்டியதும் சேர்த்து 2.10 பவுண்டு திரும்ப வரும்), எதிராளி ஜெயிப்பார் என்பதற்கு வேறொருவர் 2.05 தருகிறார். 1-ஐ இந்த இரண்டாலும் தனித்தனியே வகுத்துக் கூட்டினால் 0.964. ஒன்றுக்குக் கீழே வந்தால் லாபத்துக்கு இடம் இருக்கிறது. முதலாமவர் மீது 494 பவுண்டு, எதிராளி மீது 506 பவுண்டு கட்டினால், எப்படியும் சுமார் 1,037 திரும்ப வரும். மிச்சம் 37 பவுண்டு.

இதில் கையைச் சுட்டுக்கொள்பவர்கள் வகுத்தலில் தப்பு செய்வதில்லை. இரண்டு பந்தயமும் ஒரே விதியில் ஓடுகின்றன என்று நம்பிவிடுகிறார்கள். இரண்டாவது செட்டில் எதிராளி காயம்பட்டு விலகினால் என்ன ஆகும்? ஆட்டம் முழுதாக முடியாவிட்டால் பந்தயம் ரத்து என்பது ஒரு புக்மேக்கரின் விதி. ஒரு செட் முடிந்தாலே முடிவு செல்லும் என்பது இன்னொருவரின் விதி. முதல் இடத்தில் 494 அப்படியே திரும்பி வரும், இரண்டாவதில் 506 போயே போகும். 37-க்கு ஆசைப்பட்டு 506. ஈடுகட்ட இதே மாதிரி பதினான்கு பந்தயம் வேண்டும். முதல் வீரர் விலகினால் லாபம் எகிறும், உண்மைதான். ஆனால் அப்போது நீங்கள் செய்வது பச்சையான சூதாட்டம். கால்பந்து நாக் அவுட்டிலும் இதே கதை: ஒரு பந்தயம் 90 நிமிடத்தோடு முடியும், இன்னொன்று கூடுதல் நேரம், பெனால்டி வரை போகும். கட்டுவதற்கு முன் இரண்டு விதிப் பக்கங்களையும் படிக்காமல் இறங்கவே கூடாது.

அடுத்தது அவசரம். முதல் பந்தயம் கட்டியாயிற்று. இரண்டாவதைத் திறக்கிறீர்கள், 2.05 அதற்குள் 1.90 ஆகிவிட்டது, அல்லது 40 பவுண்டுக்கு மேல் வாங்க மாட்டேன் என்கிறது. பாதியில் மாட்டிக்கொண்டவர்கள் 'திரும்ப ஏறும்' என்று காத்திருந்து இன்னும் இழப்பார்கள். கிடைக்கிற விலையில் எதிர்ப்பக்கம் கட்டி, சிறு நஷ்டத்தோடு உடனே மூடுவது மேல்.

லாபம் 20 சதவீதம் என்று தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள். பெரும்பாலும் அது யாரோ தப்பாகத் தட்டிய எண். வெளிப்படையான பிழை என்றால் பந்தயத்தை ரத்து செய்யவோ திருத்தவோ புக்மேக்கர்கள் விதியிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். நீங்கள் இன்னொரு பக்கம் கட்டியது மட்டும் அநாதையாக நிற்கும்.

கமிஷனையும் மறக்கிறார்கள். 2000-இல் வந்த பெட்ஃபேர் போன்ற எக்ஸ்சேஞ்சுகள், அதாவது பந்தயம் கட்டுபவர்கள் ஒருவருக்கொருவர் எதிராகக் கட்டும் தளங்கள், ஜெயித்த தொகையில் கமிஷன் எடுக்கும். மேலே சொன்ன 2.05 அங்கே கிடைத்ததாக இருந்து, கமிஷன் 2 சதவீதமாக இருந்தால், அந்தப் பக்கம் ஜெயிக்கும்போது 37 பவுண்டு சுமார் 27 ஆகிவிடும்.

சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்கிறீர்கள். அப்போதுதான் புக்மேக்கர்கள் உங்கள் பந்தயக் கணக்கை முடக்குவார்கள். பந்தயம் முடிந்தபின் பணம் தர மறுப்பது வேறு; இனிமேல் உங்களிடம் ஒரு பவுண்டுக்கு மேல் வாங்காமல் இருப்பது வேறு. இரண்டாவதைச் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. 493.87 என்று பைசா சுத்தமாகக் கட்டுபவரை அவர்களுக்கு அடையாளம் தெரியாதா? உடனே மனைவி பெயரில், மச்சான் பெயரில் கணக்கு திறப்பது இருப்பதிலேயே மோசமான யோசனை. அடையாளச் சோதனையில் பிடிபட்டால் உள்ளே இருக்கும் மொத்தப் பணமும் நிற்கும், பிறர் பெயரில் ஆடியதால் வாதாடவும் முடியாது.

'நாங்களே ஆர்பிட்ரேஜ் செய்து மாதாமாதம் தருகிறோம்' என்று டெலிகிராமில் பணம் கேட்பவர்கள் தனி ரகம். கைப்பணத்தைப் போட்டாலே பந்தயக் கணக்கு அதிக நாள் தாங்காத தொழில் இது. ஊரார் பணத்தை வாங்கி எங்கே கட்டுவார்கள்? தவிர, இந்தியாவில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இங்கிருந்து வெளிநாட்டுத் தளத்தில் கட்டி ஏமாந்தால், புகார் கொடுக்கப் போகும் இடத்திலேயே நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.