இன்ஹேலரை ஒழுங்காக இழுக்கப் பழகுவோம்

அம்மாவுக்கு இழுப்பு (ஆஸ்துமா) உண்டு. ஆறு மாதம் இன்ஹேலர் எடுத்தும் "இது ஒண்ணும் கேக்கல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் எதிரே உட்கார்ந்து கவனித்தேன். வாயை அகலத் திறந்து, சென்ட் அடிப்பதுபோல இரண்டு தடவை அழுத்தினார். மருந்தெல்லாம் நாக்கில்!

படி 1: எந்த இன்ஹேலர்?
நீல நிறத்தில் இருப்பது பெரும்பாலும் இழுப்பு வந்ததும் எடுப்பது. சுருங்கிய மூச்சுக்குழாயைத் தளர்த்தும். இன்னொன்றில் ஸ்டீராய்டு இருக்கும். அது குழாயின் உள்வீக்கத்தை மெதுவாகத்தான் அடக்கும் என்பதால், நன்றாக இருக்கும் நாளிலும் எடுக்க வேண்டும். "இன்னிக்கு மூச்சு நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்திவிடுவோம், வினையே அங்கேதான். சிலருக்கு ஒரே இன்ஹேலரை இரண்டுக்கும் தருவார்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: இழுப்பது
ஸ்பேசர் என்னும் பிளாஸ்டிக் கூடு இருந்தால் பாதி வேலை சுலபம். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்துங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். வாய்ப்பகுதியை உதடுகளால் இறுகக் கவ்வி, ஒரே ஒரு முறை அழுத்தி, மெதுவாக ஆழமாக இழுங்கள். பத்து வரை எண்ணும்வரை மூச்சை அடக்குங்கள். அடுத்த அழுத்தத்துக்கு அரை நிமிடமாவது பொறுத்து, மறுபடி குலுக்க வேண்டும். ஸ்டீராய்டு என்றால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும்.

ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, மருந்து உள்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

படி 3: இழுப்பைக் கிளப்பிவிடுவது எது?
சிங்கப்பூரின் ஈரப்பதம் தூசிப்பூச்சிகளுக்குக் கொண்டாட்டம். கண்ணுக்குத் தெரியாது; மெத்தையிலும் தலையணையிலும் குடியிருக்கும். விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். மூங்கில் கழியில் வெயில் காட்டினால் மட்டும் போதாது. அப்புறம் சாம்பிராணி. வெள்ளிக்கிழமை விடமுடியாது என்பது எனக்கும் தெரியும். அம்மாவை அறைக்குள் அனுப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துப் போடுகிறோம். புகைமூட்டக் காலத்தில் பிஎஸ்ஐ என்னும் காற்றுமாசு அளவைப் பார்த்துவிட்டு வெளியே போங்கள். 100ஐத் தாண்டினாலே ஆரோக்கியமற்ற நிலை. 2013 ஜூனில் அது 401 வரை ஏறியது.

படி 4: திடீரென்று இழுப்பு வந்தால்
உட்காரவைத்து, நீல இன்ஹேலரை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக 4 முறை அழுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு. 4 நிமிடம் பாருங்கள். குறையவில்லை என்றால் மறுபடி 4. அப்படியும் அடங்காவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 995. முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலமானாலோ உடனே 995ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை இதேபோல 4 நிமிடத்துக்கு 4 என்று அழுத்துவதை நிறுத்தாதீர்கள்.